யாரும் எண்ணிப் பார்க்காத ரத்தம்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு விதைநெல் என்று பெயர். வைத்தது கூடத்தின் தலைவியான டாக்டரம்மா. சம்பளம் வாங்க வேறொரு பெயர் இருந்தது, அதை யார் கேட்டார்கள்? கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர்கூட, "விதைநெல் சார், பின் டயர்ல காத்து இல்ல பாருங்க" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் உள்ளூர அதில் பெருமைதான். பெயருக்குக் காரணம் அவருடைய ரத்தம்.

ரத்தத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்தக் கூடத்தின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஜன்னல் திறக்கக்கூடாத ஒரு நீள அறை. வளர்ச்சி தள்ளிப்போகும் குழந்தைகள், கரு தங்காத தம்பதிகள், ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் என்று யார் யாருடைய ரத்தமோ அங்கே வரும். ஒரு செல் இரண்டாகப் பிரிகிற நேரத்தில் அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் அங்கே பிழைப்பு. மற்ற நேரங்களில் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடக்கும், ஒன்றும் தெரியாது. பிரியப் போகும்போதுதான் ஒவ்வொன்றும் தன்னைச் சுருட்டிக்கொண்டு, தன்னைப்போலவே ஒரு நகலையும் இடுப்பில் ஒட்டிக்கொண்டு, வரிசைக்கு வந்து நிற்கும். அந்தக் கணத்தில் ஒரு மருந்து ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். பிறகு செல்லை உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு முழம் உயரத்திலிருந்து சொட்டுவிட்டு, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் படம் எடுக்க வேண்டும். கடைசியில் கணினித் திரையில் நாற்பத்தாறையும் ஜோடி ஜோடியாக நிறுத்த வேண்டும். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. அதை அங்கே யாரும் ஆய்வு, கீய்வு என்று சொல்வதில்லை. "எத்தனை கல்யாணம் முடிச்சீங்க இன்னிக்கு?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

ரத்தத்துக்குத் தீனி போட்டு, உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைத்தால்தான் செல்கள் பிரியத் தொடங்கும். சில சமயம் பிரியாது. அப்போது குற்றம் நோயாளியின் ரத்தத்திலா, போட்ட தீனியிலா என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு தொகுதியோடும் ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தத்தையும் ஒரு குழாயில் சேர்த்து வைப்பார்கள். கூடத்துக்காரர்களில் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடிக்க வேண்டும். டாக்டரம்மாவின் ரத்தம் சோம்பேறி. இன்னொருவர் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவார். இவருடைய ரத்தமோ, போட்ட தீனியைத் தின்றுவிட்டுக் கண்டபடி பெருகியது. அவருடைய தகட்டைத் திறந்தால் சந்தைக் கூட்டம். ஆகவே வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அவர்தான் கூடத்தின் நல்ல ரத்தம்.

அந்தத் தகட்டில் அவர்கள் பார்த்ததெல்லாம் ஒன்றே ஒன்று. வளர்ந்திருக்கிறதா? வளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான், தகடு குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். நல்ல ரத்தத்தை யாராவது மெனக்கெட்டு ஜோடி சேர்த்துப் பார்ப்பார்களா?

வீட்டில் மனைவி ஒருத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அதில் அவளுக்கு நல்ல கை. வாயும் குறைவில்லை. "உங்க ஆபீஸ்ல கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறீங்க, வீட்டுல கண்ணு முன்னாடி இருக்கிற துணியக் காயப் போடத் தெரியல" என்பாள். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

முதல் கரு இரண்டாம் மாதத்தில் போயிற்று. முதல் தடவை சில பேருக்கு அப்படி ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள், இவர்களும் நம்பினார்கள். இரண்டாவதும் போனபோது மகப்பேறு மருத்துவர் இருவருடைய ரத்தத்தையும் இவருடைய கூடத்துக்கே எழுதிக் கொடுத்தார். அவளுக்கு இவரே ஊசி போட்டு எடுத்தார். வலிக்காமல் எடுத்தார், அதில் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த சக ஊழியர், "உங்களது எங்க சார்?" என்றார்.

"என்னது ஏற்கெனவே உள்ள தானேய்யா இருக்கு. வாரா வாரம் குடுக்கிறது பத்தாதா?"

அறையே சிரித்தது. நாற்காலியில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியும் சிரித்தாள். அவளுடைய நாற்பத்தாறையும் டாக்டரம்மாவே உட்கார்ந்து ஜோடி சேர்த்தார். ஒரு குறையும் இல்லை. அவருடையது வழக்கம்போல அமோகமாக வளர்ந்திருந்தது. இருவருக்கும் குறையில்லை என்று அறிக்கை போயிற்று. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த வேலையில் ஊறிப்போனவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறு வாய்க்காது.

மகப்பேறு மருத்துவர் காரணம் தெரியவில்லை என்று கையை விரித்தார். காரணம் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், வீட்டில் அதற்குப் பெண்டாட்டி என்று அர்த்தம். விதைநெல்லுக்கு ஓர் அக்கா. அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வேறு ஊரில் இருந்தாள், ஆனால் தொலைபேசிக்குத் தூரமா தொல்லை? "நின்னுக்கிட்டே வேலை பாத்தா எப்படிடா தங்கும்?" என்பாள். "அவளுக்கு ஒடம்புல சூடு ஜாஸ்தி" என்பாள். மூன்றாவதும் போனபோது, "உனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு" என்றாள். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசும் கெட்ட பழக்கம் அவருக்கு. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நிற்கும்.

மனைவி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். முதலில் சைக்கிளை விட்டாள். பிறகு தண்ணீர்க் குடம் தூக்குவதை விட்டாள். மூன்றாவதற்குப் பிறகு கண்ணாடிக் கடையையே விட்டுவிட்டாள். என்ன தின்றோம், எப்படித் திரும்பிப் படுத்தோம் என்று தன் உடம்பைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டபடி இருந்தாள். "என்ன மன்னிச்சிருங்க" என்று ஒருநாள் திடீரென்று சொன்னாள். அவர் பதறிப்போய், "சீ, நான் ஏதாவது சொன்னேனா? நீ என்ன பண்ணுவ பாவம்" என்றார். நல்ல மனிதர். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தியை மன்னித்துக்கொண்டே இருப்பதும் ஒரு கொடுமைதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. மன்னிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது சுகம் அல்லவா, அங்கிருந்து யார் எழுந்து பார்ப்பார்கள்?

நான்காவது கரு தங்கியது. இரண்டாம் மாதம் தாண்டியது, மூன்றாம் மாதமும் தாண்டியது. வீட்டில் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவே பயந்தார்கள். அவள் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். அவர் வீட்டுக்குள் நுழையும்போதே அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் லேசாகத் தலையசைப்பாள், இருக்கிறது என்று. அதற்கப்புறம்தான் அவர் செருப்பைக் கழற்றுவார். இந்த ஒன்று மட்டும் பிழைத்து வந்துவிட்டால் போதும், வேறு எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரத்த வங்கியிலிருந்து ஓர் அம்மாள் கூடத்துக்கு மாற்றலாகி வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, எல்லாருக்கும் அவள் அக்கா. ஜோடி சேர்க்கப் பழகுவதற்கு அவளுக்கு ஒரு தகடு வேண்டும். நோயாளிகளுடையதைக் கொடுத்தால் எது கோளாறு, எது இவள் பிழை என்று தெரியாது. "விதைநெல்லோடத எடுத்துக் குடுங்க, அதுல பழகட்டும்" என்றார் டாக்டரம்மா.

அந்த அக்கா ஒரு வாரம் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தாள். நாலாவது ஜோடியும் பத்தாவது ஜோடியும் சேரவே மாட்டேன் என்றன. ஒன்றுக்கு உடம்பில் சாயம் காட்டும் பட்டைகள் சரியாக இருந்தால் வால் ஒத்துவராது. பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். "அக்கா, நீங்க ஜாதகமே பாக்காம கட்டி வைக்கிறீங்க." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

"எனக்கு இது வராது சார். என்னத் திரும்ப ரத்த வங்கிக்கே அனுப்பச் சொல்லுங்க" என்று அவரிடமே வந்து நின்றாள்.

"வாங்க, நான் காட்டறேன். என் ரத்தம் எனக்குத் தெரியாதா?"

அவர் உட்கார்ந்தார். பெரியவற்றை மளமளவென்று இழுத்து நிறுத்தினார். மூன்று ஜோடி முடிந்தது. நாலாவதில் கை நின்றது. பத்தாவதை எடுத்துப் பார்த்தார். அந்த செல்லை விட்டுவிட்டு இன்னொரு செல்லைத் திறந்தார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு செல்லிலும் அதே இடத்தில் அதே கோளாறு. நாலாவதில் ஒன்றின் வால் அறுந்து பத்தாவதில் ஒட்டியிருந்தது. பத்தாவதின் வால் நாலாவதில் ஒட்டியிருந்தது.

"நான் தப்பாப் பண்ணலியே சார்?" என்றாள் அக்கா, பின்னால் நின்று.

 அவர் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தார்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அந்த அறிக்கைல கையெழுத்துப் போட்டவ நான்" என்றார். 

விஷயம் இதுதான். இடம் மாறினாலும் அவர் உடம்பில் எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை. அதனால் அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அவருடைய தோலும் ரத்தமும் பிரியும்போது எல்லாவற்றையும் நகலெடுத்து அப்படியே ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும், தொல்லை இல்லை. ஆனால் பிள்ளைக்கான விதை உண்டாகிற பிரிவு வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போக வேண்டும். மாறிய நாலாவது போகும்போது கூடவே மாறிய பத்தாவதும் போனால் பிழைத்தது. மாறாதவை இரண்டும் சேர்ந்து போனாலும் பிழைத்தது. ஒன்று மாறியது, ஒன்று மாறாதது என்று போய்விட்டால் பிள்ளைக்கு ஒரு துண்டு கூடுதலாகவும் ஒரு துண்டு இல்லாமலும் போகும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கரு கொஞ்ச காலம் வளர்ந்து பார்க்கும். முடியாதபோது நின்றுவிடும்.

"அப்போ அந்த மூணும்?" என்றார் அவர்.

"அப்படித்தான் இருந்திருக்கணும்."

"இப்ப இருக்கிறது?"

"மூணாம் மாசம் தாண்டிருச்சுல்ல? நல்லபடியாவும் இருக்கலாம். பனிக்குடத்துலேருந்து கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாத்துருவோம். வீட்டுல சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

அவர் கூட்டிக்கொண்டு வந்தார். சொல்லவில்லை. "முப்பத்தஞ்சு வயசு தாண்டிட்டா எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்று வாய் கூசாமல் ஒரு புளுகு புளுகினார். இதுவரை அவரிடம் நான் குறை சொன்னதெல்லாம் தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. நல்லபடியாக முடிந்தால் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார். அவள் வயிற்றில் ஊசி இறங்கும்போது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் அசையாம இருக்கேன்ல? குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். அசையாமல் இருப்பதும் தன் பொறுப்பு என்று நினைத்தாள் அந்தப் பெண்.

அந்தக் குழாயை அவர் தொடக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் பிள்ளையின் செல்கள் அதே அறையில், தன் இருக்கைக்கு நாலடி தள்ளி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் பிரிந்துகொண்டிருக்க, அவர் ஊரார் ரத்தத்துக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் யாரும் கல்யாணக் கேலி பேசவில்லை. பெட்டியின் கதவை யாராவது திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அதன் ரப்பர் ஓரம் விடுபடும்போது ஒரு சத்தம் வரும். வீட்டிலோ மனைவிக்குத் தெம்பு வந்திருந்தது. குழந்தை அசைகிறது என்றாள். நாலு மாதம் முடிந்துவிட்டதாம், இனிமேல் பயமில்லையாம், அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். பழைய வாய்த்துடுக்கு திரும்பியிருந்தது. "பையனா இருந்தா துணி காயப்போட நான் கத்துக் குடுப்பேன், உங்கள நம்பி விடமாட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

முடிவு வந்த அன்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மத்தியானம் ரத்த வங்கி அக்கா அவர் மேஜையைத் தாண்டிப் போகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதிலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. எழுந்து நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

நாற்பத்தாறு இருந்தன. பத்தாவது ஜோடி இரண்டும் ஒழுங்கு. நாலாவது ஜோடியில் ஒன்று ஒழுங்கு, அது அவள் கொடுத்தது. இன்னொன்று அவர் கொடுத்தது. வாலில் பத்தாவதின் துண்டு ஒட்டியிருந்த அதே நாலாவது. அதைக் காட்டித்தர அவருக்கு யாரும் தேவைப்படவில்லை. மற்ற அப்பன்மார் பிள்ளையிடம் தன் மூக்கையும் நெற்றியையும் தேடுவார்கள். இவருக்குத் தன் சாயல் தெரிந்துவிட்டது.

"பெண் குழந்தை" என்றார் டாக்டரம்மா மெல்ல. "பிறக்கிற வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது. பிறந்தாலும் மூச்சு, இருதயம்… ரொம்ப நாள் இருக்காது. என்ன பண்ணலாம்னு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். நான் வேணும்னா வந்து அவங்ககிட்ட சொல்றேன்."

"வேண்டாம். நான்தான் சொல்லணும்" என்றார் அவர்.

வெயில் தாழும் நேரம் வீட்டுக்குப் போனார். அவள் முக்காலியில் காலை வைத்தபடி பழைய சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள், பிறக்கப்போகும் குழந்தைக்கு விரிக்க. அவரைப் பார்த்ததும் தலையசைத்தாள். அவர் செருப்போடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். குழந்தையைச் சொன்னார். தன் ரத்தத்தைச் சொன்னார். பார்க்காமலே நல்லது என்று எழுதியதைச் சொன்னார். ஊசிக்காகச் சொன்ன பொய்யையும் சொன்னார். 

முடித்ததும் அவள் கேட்டாள். "அப்போ என்னால இல்லியா?"

"இல்ல."

"மூணும்?"

"எதுவுமே உன்னால இல்ல. எல்லாம் என்னால."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் அதைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகத் தலையில் ஏற்றிவைத்த சுமையை யாரோ இறக்கிவிட்டது போல, அவள் கழுத்து நிமிர்ந்தது. உடனே அவளுக்கே அது உறைத்தது. எந்தச் செய்தியைக் கேட்டு நிமிர்ந்தோம் என்று உறைத்தது. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு, குழந்தை கேட்டுவிடக் கூடாது என்பது போல, குனிந்து, சத்தமில்லாமல் அழுதாள். அவர் தொடப் போனார். தொடவிடவில்லை.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அண்ணிகிட்ட சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்மா."

"இப்பவே சொல்லுங்க. நான் கேக்கணும்."

அவர் தன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். தெளிவாகச் சொன்னார். குழந்தை பிழைக்காது அக்கா. குறை என்கிட்ட. முன்னாடி போனதும் என்னாலதான். அவகிட்ட ஒரு குறையும் இல்ல.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இதுவும் போச்சா" என்றாள் அக்கா. "ஐயோ தம்பி… அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"அதான். அவ அழறது பொறுக்காம எல்லாத்தையும் உன் தலையில தூக்கிப் போட்டுக்கிற. சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான்டா. யார் எத ஒடச்சாலும் நான்தான் ஒடச்சேன்னு வந்து நிப்ப."

"அக்கா, சத்தியமா. மைக்ராஸ்கோப்புல என் கண்ணாலயே பாத்தேன்."

"சரிடா, சரிடா. நீ சொன்னா சரி." அக்காவின் குரலில் இருந்த அன்பு பொய்யில்லை. "அவள அழ வேண்டாம்னு சொல்லு. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலன்னு சொல்லு. அவ என்ன பண்ணுவா, பாவம்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கிழித்து வைத்திருந்த துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சுங்க" என்றாள். "போன வச்சிருங்க."